கஞ்சிராவை அரங்கேற்றிய பெரியார்: புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை

உலகில் பெருமை இருவகையாற் பிறப்பதைக் காண்கிறோம். முன்னமே உயர்ந்து நிற்பதொன்றைப் பற்றிக்கொண்டு தாமும் உயர்வார் ஒரு சாரார். எவரும் பொருட்படுத்தாத சிறியதொன்றைக் கையிலெடுத்து, தம் உழைப்பால் அதனை உயர்த்தி, அதனோடு தாமும் உயர்வார் மற்றொரு சாரார். முன்னவர் பலர்; பின்னவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் நம் புதுக்கோட்டையிலே வாழ்ந்தார். அவர் கையிலெடுத்த சிறுபொருள் ஒரு தோற்கருவி. அவர் அதனை எடுத்தபொழுது அது தெருவில் ஒலித்தது. அவர் கண் மூடுமுன் அது பெரும் புலவர் நடுவே வீற்றிருந்தது. கஞ்சிரா என்பது அக்கருவியின் பெயர். மான்பூண்டியா பிள்ளை என்றும் மாமுண்டியா பிள்ளை என்றும் வழங்கப்படுவது அப்பெரியாரின் பெயர்.

புதுக்கோட்டைச் சீமை இசைக்குப் புதியதன்று. குடுமியான்மலையிற் குகைக் கோயிலின் அருகே, பாறையிற் பொறிக்கப்பட்டுள்ள இசைக் கல்வெட்டினை நம்மிற் பலர் நேரிற் சென்று கண்டிருப்போம். ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகளைக் கல்லிலே நிறுத்தி வைத்திருக்கின்றது. இசை இலக்கணத்தைக் கல்லில் எழுதிய இடங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே. சித்தன்னவாசல் ஓவியத்து ஆடல் மகளிரின் கையசைவு இன்றும் நம்மை நிற்க வைக்கின்றது. பிற்காலத்தே இச்சீமையை ஆண்ட தொண்டைமான் மன்னரும் இசைவாணரை ஆதரித்தனர். 1839 முதல் 1886 வரை ஆண்ட இராமச்சந்திரத் தொண்டைமான் காலத்திலும், அவர்க்குப் பின் 1928 வரை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் காலத்திலும் இங்கே கலைஞர் பலர் வாழ்ந்தனர். அக்காலப் புதுக்கோட்டையிலேதான் மாமுண்டியா பிள்ளையின் வாழ்வும் கழிந்தது.

ஆனால் அரசவையின் வாயில் அவர்க்கு எளிதில் திறந்து கிடந்ததென்று எண்ணலாகாது. இளமையில் அவர் விளக்கேந்தும் சிறு பணி செய்து பிழைத்தவர் என்று இசைவாணர் வழிவழியாகக் கூறுவர். ஊர்வலத்தில் பிறர்க்கு ஒளி காட்டி நடப்பவன் முகத்தை எவரும் நோக்குவதில்லை. நாகசுரமும் தவிலும் முழங்கச் செல்லும் ஊர்வலத்தில், விளக்கைச் சுமந்த அவ்விளைஞரின் செவி மட்டும் தவிலின் பின்னே சென்றது. தாளம் எவ்விடத்தில் தொடங்குகின்றது, எவ்விடத்தில் திரும்புகின்றது, எத்தனை அடி சுற்றி வந்து மீண்டும் முதலிடத்தில் விழுகின்றது என்பவற்றை அவர் மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. பின்னர் மாரியப்பத் தவில்காரர் என்னும் வல்லுநரை அடைந்து, தவிற்சொற்களையும் தாளக் கணக்கையும் முறையாகக் கற்றார். அவர்க்கு வாய்த்த கல்வி இதுவே. ஆயினும் இக்கல்வியை அவர் கொண்டு சென்ற இடம் எவரும் எதிர்பாராதது.

கஞ்சிரா எத்தகைய கருவி என்பதை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். பலாமரத்திற் கடைந்த ஒரு வளையம். அதன் குறுக்களவு ஏழு முதல் ஒன்பது அங்குலம் வரை இருக்கும். வளையத்தின் ஒருபுறம் மெல்லிய தோல் போர்த்தப்பட்டிருக்கும். மறுபுறம் திறந்து கிடக்கும். வளையத்தின் பக்கத்தில் ஒரு சிறு பிளவிட்டு, அதனுள்ளே காசு போன்ற உலோகத் தகடுகள் இரண்டு மூன்று கோக்கப்பட்டிருக்கும். இவ்வளவே அக்கருவி. ஒரு கையில் எடுத்துக்கொண்டு எங்கும் நடந்து செல்லலாம். இதன் உறவினர் உலகெங்கும் உளர். செங்கடலைக் கடந்த பின்னர் மிரியாம் கையிலெடுத்து ஆடியதாக யாத்திராகமம் கூறும் கருவியும் இவ்வினத்ததே. எகிப்தியரின் ரிக்கு, பிரேசில் நாட்டாரின் பாந்தேரோ, மேனாட்டாரின் தம்பூரின் ஆகிய யாவும் இதன் சுற்றத்தாரே. நம் நாட்டிலும் இவ்வினக் கருவிகள் பசனைக் கூட்டங்களிலும் தெருப்பாடகர் கையிலும் இருந்தன. பாட்டின் நடைக்கு ஏற்பத் தட்டிக்கொண்டு போவதே அவற்றின் வேலை. அத்தகைய கருவி மிருதங்கத்தின் அருகே அமர்ந்து தாளப்போர் புரியும் என்று அக்காலத்தில் ஒருவர் கூறியிருந்தால் கேட்டவர் நகைத்திருப்பர்.

அதனையே செய்து காட்டினார் மாமுண்டியா பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கஞ்சிராவைக் கருநாடக இசையரங்கிற்கு உரியதாக்கியவர் அவரே என்பது இசை வரலாறு கூறுவோர் துணிபு. தவில் கற்றவர் தவிலையே வாசித்திருக்கலாம். மிருதங்கம் பயின்று பழகிய பாதையிற் சென்றிருக்கலாம். அவ்விரண்டையும் விடுத்து இச்சிறு வளையத்தை அவர் தெரிந்தெடுத்ததன் அருமையை, அக்கருவியின் குறைகளை அறிந்தாலன்றி நாம் உணர இயலாது.

மிருதங்கத்திற்கு இரண்டு முகங்கள். வாசிப்பவர்க்கு இரண்டு கைகளும் உதவும். வலந்தலையிற் பிறக்கும் சொற்கள் வேறு. இடந்தலையிற் பிறக்கும் சொற்கள் வேறு. கஞ்சிராவிற்கோ ஒரே முகம். ஒரு கை கருவியைத் தாங்க, மற்றொரு கையே எல்லாச் சொற்களையும் பிறப்பிக்க வேண்டும். இரு கைகள் பகிர்ந்துகொள்ளும் விரைவை ஒரு கை தனித்து எய்த வேண்டும். மேலும் மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பதுபோல இதனைச் சேர்க்க இயலாது. உட்புறத்தில் நீர் தெளித்துத் தோலை நெகிழ்த்தினால் ஆழ்ந்த ஓசை எழும். நீர் காய்ந்தால் ஓசை உயர்ந்து கெடும். நீர் மிகுந்தால் ஓசையே எழாது. அரங்கின் வெம்மையும் காற்றும் அறிந்து நொடிக்கு நொடி கவனித்தல் வேண்டும். இவற்றோடு காசுகளின் கலகலவென்னும் ஒலி வாய்ப்பாட்டை மூழ்கடியாதவாறும் காத்தல் வேண்டும்.

இக்குறைகள் ஒவ்வொன்றையும் குணமாக்கியதே கஞ்சிராக் கலை. கருவியைத் தாங்கும் இடக்கை வாளா இருப்பதில்லை. அதன் விரல்கள் வளையத்தின் ஓரத்தே தோலை அழுத்தியும் நெகிழ்த்தியும், தாழ்ந்த ஓசையை மேலே வளைத்து எழுப்புகின்றன. அடியொலி பேச்சுப்போலக் குழைந்து ஏறும் அவ்வழகே இன்று கஞ்சிராவைக் கேட்போர் உள்ளத்தை முதலிற் கவர்கின்றது. ஓசையிற் சிறிய கருவியாதலால், பருத்த ஓசையால் வெல்லுதல் இதற்கு இயலாது. கணக்கின் நுட்பத்தாலேயே வெல்லுதல் வேண்டும். மாமுண்டியா பிள்ளை வென்றதும் அவ்வழியாலேயே.

கணக்கு என்பதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டுத் தருவோம். ஆதி தாளத்தில் எட்டு அடிகள் உள. அடி ஒன்றுக்கு நான்காகப் பகுத்தால் ஒரு சுற்று 32 மாத்திரை ஆகும். தனியாவர்த்தனத்தை முடிக்கும்பொழுது ஒரு சொற்றொடரை மும்முறை வாசித்து, தாளத்தின் முதலடியிற் சரியாகக் கொண்டு சேர்த்தல் மரபு. த, தி, கி, ண, தொம் என்னும் ஐந்து எழுத்துச் சொற்றொடரை எடுத்து, இடையே இரண்டு மாத்திரை விட்டுவிட்டு மும்முறை வாசித்தால் 19 மாத்திரை செல்லும். ஆகவே 13 மாத்திரை கழிந்த பின் தொடங்கினாலன்றி முதலடியில் வந்து விழ இயலாது. இது சிறுபிள்ளைக் கணக்கு. ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகிய நடைகள் ஒன்றனுள் ஒன்றாகப் பின்னி, பல சுற்றுக்களைக் கடந்து சென்று, கேட்போர் தாளம் தவறியதோ என்று அஞ்சும் அந்நொடியில் முதலடியில் வந்து இறங்குவதே வல்லார் கணக்கு. தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. கை வாசித்துக்கொண்டிருக்கும்பொழுதே மனம் கணக்கிடுகின்றது. தவிலிலிருந்து வந்த இக்கணக்கு வன்மையே புதுக்கோட்டைப் பாணி என்று இன்று இசையுலகம் போற்றும் வழியின் உயிர்நாடி. அவ்வழியின் முதல்வர் மாமுண்டியா பிள்ளையாவர்.

புதுமை எதுவும் எதிர்ப்பின்றி நிலைபெறுவதில்லை. புதிய கருவி அரங்கேறினால் பாட்டின் அமைதி குலையும் என்று அஞ்சுவார்க்கும், கணக்கு மிகுந்தால் பாடகரின் உணர்ச்சி ஒடுங்கும் என்று கவல்வார்க்கும் அவ்வச்சத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. இக்கேள்வி இன்றும் முற்றும் தீர்ந்ததன்று. இதற்குச் சொல்லால் விடை கூறுவதிற் பயனில்லை. வாசித்துக் காட்டலே விடை. அக்காலத்தில் மிருதங்கத்திற்குத் தலைநகர் தஞ்சை. அங்கே நாராயணசாமி அப்பா என்னும் மிருதங்கப் பேராசிரியர் புகழோடு விளங்கினார். மாமுண்டியா பிள்ளை தஞ்சை சென்று அவர் முன்னிலையில் கஞ்சிரா வாசித்தார் என்றும், அப்பா அவர்கள் பொறாமை சிறிதுமின்றி அவ்வாற்றலைப் பாராட்டி மகிழ்ந்தார் என்றும் கூறுவர். கற்றார் ஒருவரைக் கற்றார் காமுறுதல் இயல்பே. ஆயினும் தம் கருவிக்குப் போட்டியாக வந்த கருவியை வரவேற்ற அப்பெருந்தகையின் உள்ளத்தையும் நாம் மறத்தல் ஆகாது. புதுமை செய்வார்க்கு ஆற்றல் வேண்டும். அதனை ஏற்பார்க்கும் ஒரு பெருமை வேண்டும். இரண்டும் கூடியவிடத்தே கலை வளர்கின்றது.

தம் கலையைத் தம்மோடு கொண்டு சென்றாரல்லர் பிள்ளை. அவர்பாற் பயின்றவருள் இருவரை இங்கே குறித்தல் வேண்டும். ஒருவர் பழனி முத்தையா பிள்ளை. மற்றொருவர் புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. 1875இற் பிறந்த தட்சிணாமூர்த்திப் பிள்ளை, அரண்மனைக் காவற் பணியில் இருந்தவர். விளக்கேந்தியவரிடம் காவல் நின்றவர் மாணவரானார். கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் ஒப்பாரின்றி விளங்கினார். கும்பகோணம் அழகநம்பியா பிள்ளை மிருதங்கம் வாசிக்க, அருகே இவர் கஞ்சிரா வாசித்த அரங்குகளைப் பற்றிய பேச்சு இன்னும் இசையன்பர் நாவில் உளது. லயத்தில் இணையற்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பாடிய கச்சேரிகளில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் முதலிய பக்கவாத்தியங்கள் பல ஒருங்கே அமர்ந்திருக்கும். அவ்வணியினை அக்கால அன்பர் நீதிமன்றச் சொல்லைக் கடன் வாங்கி 'புல் பெஞ்சு' என்று விளையாட்டாக அழைத்தனர். அந்நீதிபதிகளுள் ஒருவராகக் கஞ்சிராவும் இடம் பெற்றதென்றால், ஒரு தலைமுறைக்குள் அது கடந்த தொலைவை என்னென்பது!

தட்சிணாமூர்த்திப் பிள்ளை தம் புகழின் உச்சியிலும் ஆசிரியரை மறந்தாரல்லர். மாமுண்டியா பிள்ளை மறைந்த பின்னர், புதுக்கோட்டையில் அவர் நினைவைப் போற்றிக் குருபூசை நடத்தி வந்தார். அரசர்க்கும் செல்வர்க்கும் நினைவுவிழா எடுப்பார் பலர். விளக்கேந்திய ஒருவர்க்கு, அவர் கற்பித்த கைகளே விழா எடுத்தன. தட்சிணாமூர்த்திப் பிள்ளை 1936இல் மறைந்தார்.

முத்தையா பிள்ளையின் மைந்தரே பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இவர் பிறவியிலேயே இடக்கைப் பழக்கமுடையவர். இடக்கையால் மிருதங்கம் வாசிப்பவர் மேடையில் வழக்கத்திற்கு மாறான புறத்தில் அமர்தல் வேண்டும். அதனால் பிடில் வாசிப்பவரும் இடம் மாறுதல் வேண்டும். இச்சிறு தொல்லையின் பொருட்டு இவரை மேடையேற்றத் தயங்கினார் பலர். செம்பை வைத்தியநாத பாகவதரோ அத்தயக்கத்தைப் பொருட்படுத்தாது இவரைத் தம் அருகே அமர்த்தி ஊக்கினார். பின்னர்ப் பழனியாரின் வாசிப்புத் தென்னாடெங்கும் புகழ்பெற்றது. மிருதங்கத்தோடு கஞ்சிராவிலும் அவர் வல்லவர். ஆகாது என்று ஒதுக்கப்பட்டதை ஆகும் என்று காட்டுதல் இம்மரபிற்குக் குலவழக்கம் போலும்! ஆசிரியர்க்கு ஆசிரியர் ஒதுக்கப்பட்ட கருவியை ஏற்றினார்; இவர் ஒதுக்கப்பட்ட கையை ஏற்றினார்.

அதன் பின்னர்க் கஞ்சிராவின் வரலாறு விரிந்தது. வி. நாகராசன் அதனைப் பெரும் பாடகர்களின் அரங்குகளில் நிலைநிறுத்தினார். ஜி. அரிசங்கர் (1958–2002), இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியிடமும் பாலக்காடு மணி ஐயரிடமும் பயின்று, ஒரு கையினின்று இத்தனை சொற்கள் பிறக்குமோ என்று கேட்டவர் வியக்க வாசித்தார். சங்கீத நாடக அகாதெமியின் விருதினைக் கஞ்சிராவுக்காக முதன்முதற் பெற்றவர் அவரே, ஆண்டு 2000. பழனியாரின் மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கானடா நாட்டு யார்க்குப் பல்கலைக்கழகத்தில் இக்கலையைக் கற்பித்து, 2011இற் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்றார். புதுக்கோட்டைக் கணக்கைத் தொரான்டோ நகரின் மாணவர் கையிற் தாளமிட்டுக் கற்றனர் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் பூரிக்கின்றது.

நம் மாணவருட் பலர் மேனாட்டு ராக் இசைவாணரின் பெயர்களை வரிசையாகக் கூற வல்லவர். அவரை நாம் குறைகூறோம்; மரபை மீறித் தம் வழி கண்டவரைப் போற்றுதல் இளமைக்கு அழகே. அவர்க்கு ஒரு செய்தி. ராக்கும் ஜாசும் கலந்து கித்தார் வாசித்துப் புகழ்பெற்ற ஜான் மக்லாக்லின் தொடங்கிய 'சக்தி' என்னும் குழு, 2024ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது. அக்குழுவில் வி. செல்வகணேஷ் கையிலிருந்து ஒலித்தது கஞ்சிரா. அவ்வொலியின் மூலம் தேடிச் சென்றால் நாம் வந்து சேர்வது புதுக்கோட்டைத் தெருக்களிலேயாம். மரபை மீறிய இசைவாணர் ஒருவரைக் காணக் கடல் கடக்க வேண்டுவதில்லை.

இன்று கஞ்சிராவிற்கு மற்றுமொரு சோதனை நேர்ந்துள்ளது. அதன் முகத்திற்கு நெடுங்காலம் உடும்பின் தோலே பயன்பட்டது. உடும்போ அருகிவரும் உயிர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையிற் சேர்த்து முழுக் காவல் அளித்திருக்கின்றது. அதனைக் கொல்லுதலும் அதன் தோலை விற்றலும் குற்றமாம். உடும்புத் தோலின் குழைந்த ஓசை பிறவற்றில் வாராது என்று வருந்துவார் உளர். அவ்வருத்தம் பொய்யன்று. ஆயினும் ஒரு கலையின் பொருட்டு ஓருயிர் மண்ணினின்று அழிதல் அறமாகாது. ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் இப்போது முயலப்படுகின்றன. இம்முயற்சியைக் கலைக்கு நேர்ந்த இழிவாக எண்ணுவார்க்கு மாமுண்டியா பிள்ளையின் வாழ்வே விடை கூறும். கையிற் கிடைத்த எளிய பொருளின் குறைகளை அறிந்து, அக்குறைகளுக்குள்ளேயே ஓர் அழகைத் தேடிக் கண்டவர் அவர். அவர் வழி வந்தவர் புதிய தோலிலும் புதிய ஓசையைக் காண்பர். கலை தோலில் இல்லை; அதனைத் தொடும் விரலிலும், விரலை ஆளும் மனத்திலும் உளது.

அன்பர்காள்! மாமுண்டியா பிள்ளையின் வாசிப்பைச் செவியாற் கேட்டவர் இன்று எவரும் இலர். குடுமியான்மலையின் சுரங்களைக் கல் காத்தது. இவர் கணக்கைக் காத்தவை மாணவரின் கைகள். கல்லெழுத்து ஒருமுறை பொறித்தால் நிற்கும். கையெழுத்தோ தலைமுறைதோறும் புதிதாய்ப் பொறிக்கப்படுதல் வேண்டும். ஒரு தலைமுறை சோம்பினால் அது அழியும். 1974இல் தனி மாவட்டமான நம் புதுக்கோட்டையில், அரண்மனை எது, அருங்காட்சியகம் எது என்று கேட்பார்க்கு வழிகாட்டுவோர் பலர் உளர். கஞ்சிரா அரங்கேறிய வரலாற்றைக் கேட்பார்க்கு விடை கூறுவோர் மிகச் சிலரே. அவ்விடையை அறிந்தவராய் நாம் இருத்தல் வேண்டும். இயலுமாயின் நம்மில் ஒருவரேனும் அவ்வளையத்தைக் கையிலெடுத்துப் பயிலுதல் வேண்டும். அதுவே அவர்க்கு நாம் செய்யத்தக்க குருபூசையாகும்.

பிறர் ஊர்வலத்திற்கு விளக்கேந்தி நடந்தவர், ஒரு கலைக்கே விளக்காய் நின்றார். வாழ்க அப்பெரியார் புகழ்! வளர்க அவர் கண்ட கலை!